திரும்பி வரும் ரத்தம்

ரத்த ஓட்டம் தடைப்பட்ட ஓர் அவயவத்துக்கு மறுபடியும் ரத்தம் பாயத் தொடங்கிவிட்டால் அதன் கஷ்டம் அத்தோடு தீர்ந்தது என்று நினைப்பது எவருக்கும் இயல்பே. வைத்தியர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வயிற்றைத் திறந்து, கருநீலம் பூத்துத் துவண்டு கிடக்கும் குடலைக் கண்டு, அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியை அடைத்திருந்த ரத்தக்கட்டியை வெளியே எடுத்த பிறகு, அந்தக் குடல் மெல்ல மெல்லச் சிவப்பதையும், அதைத் தாங்கி நிற்கும் சவ்விலுள்ள சிறு நாளங்களில் நாடி துடிப்பதையும் கண்ணாரக் காணும் சர்ஜனுக்கு, போன உயிர் திரும்பிவிட்டது என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் அதே குடல் வீங்குவதும், அதன் உட்சவ்வு உரிந்து விழுவதும், ரத்த அழுத்தம் சரிவதும், குடலோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாததுபோல் தோன்றும் நுரையீரல் வேலை செய்ய மறுப்பதும் உண்டு. தடை நீங்கிய பின்னரே தலைகாட்டும் இந்தச் சேதம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் புறப்பட்டவர்கள், கடைசியில் வந்து நின்ற இடம் ரத்தக் குழாயின் உட்சுவர்.

திரும்பி வரும் ரத்தம் ஆபத்தையும் உடன் கொண்டுவரக்கூடும் என்பதற்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 1940-ஆம் வருஷத்தின் இறுதியிலும் 1941-இன் தொடக்கத்திலும் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் நகரின்மீது குண்டு பொழிந்த நாட்களில், இடிந்த கட்டடங்களுக்கு அடியில் பல மணி நேரம் கை கால் நசுங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வரும்போது நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலர், நசுங்கிய அங்கத்திலிருந்து பாரம் நீங்கி ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, அந்த அங்கம் வீங்கி, சிறுநீர் கறுத்துக் குறைந்து, ஒரு வார காலத்துக்குள் சிறுநீரகம் செயலற்று மாண்டுபோனார்கள். எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இருவர் 1941-இல் இதை விவரித்து எழுதினார்கள். அங்கே நேர்ந்தது தசையின் சிதைவு. குடலில் நேர்வது முற்றிலும் அதுவே அல்ல. எனினும், ரத்தம் நின்றிருந்த காலத்தைவிட அது திரும்பிய காலமே சில சமயம் கொடியது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

குடல் இந்தத் துன்பத்துக்கு ஏன் இவ்வளவு எளிதில் இலக்காகிறது என்பதை அறிய, அதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குடல் முதலிய ஜீரண உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்ட பிறகு அது இன்னும் மிகுகிறது. குடலுக்குள் வரும் ரத்தத்திலும் பெரும்பகுதி உட்சவ்வுக்கே உரியது. அந்தச் சவ்வில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் எழுந்து நிற்கும் லட்சக்கணக்கான நுண்விரல்கள்தாம், உண்ட உணவின் சாரத்தை உறிஞ்சி உடலுக்குத் தருகின்றன. ஒவ்வொரு விரலின் நடுவிலும் ஒரு நுண்ணிய தமனி நேரே உச்சிவரை ஏறி, மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுபோல் அங்கே திரும்பி, மெல்லிய கிளைகளாகப் பிரிந்து கீழே இறங்குகிறது. ஏறும் நாளமும் இறங்கும் நாளங்களும் இவ்வளவு நெருங்கிச் செல்வதால், ஏறுகின்ற ரத்தத்திலுள்ள பிராணவாயுவில் ஒரு பகுதி உச்சியை எட்டுமுன்பே குறுக்கு வழியாக இறங்கும் ரத்தத்துக்குள் கசிந்து போய்விடுகிறது. ஆகையால் பூரண ஆரோக்கியமுள்ள மனிதனிடத்திலும் அந்த விரல்களின் நுனி அரைப்பட்டினியிலேயே ஜீவிக்கிறது. ரத்தம் குறைந்தால் முதலில் மாள்வதும் அந்த நுனிதான். கானடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் சியூ என்பவரும் அவருடைய சகாக்களும் 1970-இல் இந்தச் சேதத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை படிகளாக வகுத்தார்கள். நுனியில் சவ்வு சற்றே தூக்கிக்கொள்வது முதல் படி, சவ்வு முழுவதும் கரைந்து ரத்தம் கசிவது கடைசிப் படி. இன்றைக்கும் உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் குடற் சேதத்தைப் பெரும்பாலும் அந்த அளவுகோலால் அளக்கிறார்கள்.

சேதம் எப்போது நேர்கிறது என்ற வழக்கில் தீர்ப்பாக அமைந்தது, 1986-இல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை. பூனைகளின் குடலுக்குச் செல்லும் ரத்தத்தை வெகுவாகக் குறைத்து, ஒரு பிரிவில் அப்படியே நான்கு மணி நேரம் வைத்திருந்தார்கள்; மற்றொரு பிரிவில் மூன்று மணி நேரம் குறைத்து வைத்து, நான்காவது மணி நேரத்தில் ரத்தத்தைத் தாராளமாகத் திரும்பவிட்டார்கள். சாதாரண அறிவுக்கு எட்டியபடி பார்த்தால், ஒரு மணி நேரமாவது ரத்தம் கிடைத்த குடல்தான் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நான்கு மணி நேரமும் பட்டினி கிடந்த குடலைவிட, மூன்று மணிப் பட்டினிக்குப் பின் ஒரு மணி நேரம் விருந்துண்ட குடலே அதிகமாகச் சிதைந்திருந்தது. பஞ்சத்தில் பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தெளிவைக் கொடுக்காமல் வயிறார விருந்து படைப்பது அவன் உயிருக்கே ஆபத்தாகும் என்று நம் முன்னோர் அறிந்து வைத்திருந்தார்கள் அல்லவா? அதுபோன்ற ஒன்றை இங்கே ஓர் அவயவத்தின் அளவில் காண்கிறோம்.

இதன் முதற் காரணம் ரசாயனக் காரணம். பிராணவாயு இல்லாத நேரத்தில் உயிரணு தன் சக்திப் பொருளை உடைத்து உடைத்துச் செலவழிக்க, அதன் எச்சமாகிய ஹைப்போஸாந்தீன் என்ற பொருள் குவிந்துபோகிறது. அதே சமயத்தில், அதைப் பக்குவப்படுத்தும் நொதி ஒன்றும் தன் குணம் மாறி, பிராணவாயு கிடைத்தவுடன் அதைத் தீப்பொறிபோன்ற ஸூப்பராக்ஸைடாக மாற்றும் உருவத்தை அடைகிறது. எண்ணெயும் திரியும் தயாராக இருக்கும் இடத்துக்கு ரத்தம் பிராணவாயுவாகிய நெருப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஜோ மெக்கார்ட் என்ற விஞ்ஞானி 1969-இல் தம் ஆசிரியர் இர்வின் ஃப்ரிடோவிச்சுடன் சேர்ந்து, ஸூப்பராக்ஸைடை அடக்கும் நொதியைக் கண்டறிந்தவர்; அந்த நொதியை முன்கூட்டியே கொடுத்தால் பூனைக் குடலின் நுண்நாளங்கள் கசிவது குறைகிறது என்று அவரும் கிரேஞ்சரும் 1981-இல் காட்டினார்கள். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அல்லோப்யூரினால் என்ற மாத்திரைகூட, மேற்சொன்ன குணம் மாறிய நொதியைத் தடுப்பதால், விலங்குகளில் பலன் தந்தது. இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் சிகிச்சையும் சுலபமாக முடிந்திருக்கும். முடியவில்லை, ஏனென்றால் நெருப்பு எரிகின்ற இடம் வெறும் அறையல்ல, பேசத் தெரிந்த ஒரு சுவர்.

ரத்த நாளத்தின் உட்சுவரில் ஒரே ஓர் உயிரணுவின் கனமே கொண்ட மெல்லிய படலம் ஒன்று விரிந்திருக்கிறது. குழாயின் உட்புறம் வழவழப்பாக இருப்பதற்காகவே இயற்கை அதை அமைத்தது என்றுதான் வெகுகாலம் கருதினார்கள். நியூயார்க்கின் ப்ரூக்லின் பகுதியில் ஆராய்ச்சி செய்துவந்த ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளின்மேல் அஸிடைல்கோலின் என்ற மருந்தை விட்டுப் பார்த்தபோது, சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. ஒரே மருந்துக்கு இரண்டு விதமான பதில் ஏன் என்று விடாமல் ஆராய்ந்த அவர், வெட்டும்போது உட்புறம் தேய்ந்துபோன துண்டுகளே சுருங்குகின்றன, படலம் கெடாத துண்டுகள் தளர்கின்றன என்று கண்டார். படலம் நீங்கிய துண்டு ஒன்றைப் படலமுள்ள துண்டு ஒன்றோடு முகத்துக்கு முகம் ஒட்டிவைத்தபோது, சுருங்க வேண்டியதும் தளர்ந்தது! அந்தப் படலத்திலிருந்து ஏதோ ஒரு தூது புறப்பட்டுப் பக்கத்துத் தசைக்குப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை. 1980-இல் இது வெளிவந்தது; 1987-இல் இங்கிலாந்தில் மொன்காடாவின் குழுவும், அமெரிக்காவில் இக்னாரோவும், அந்தத் தூது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற மிக எளிய வாயுதான் என்று நிலைநாட்டினார்கள். மின்னல் வெட்டும்போதும் மோட்டார் வண்டி ஓடும்போதும் காற்றில் பிறக்கும் ஒரு வாயு, நம் ஒவ்வொருவருடைய ரத்தக் குழாயிலும் கணந்தோறும் பிறந்து, சில விநாடிகளே வாழ்ந்து, தசையைத் தளர்த்திவிட்டு மறைகிறது. ஃபர்ச்காட், இக்னாரோ இருவருக்கும், ஃபெரிட் முராட் என்ற மற்றொரு விஞ்ஞானிக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது; அந்தப் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல், வெடிமருந்தாகிய நைட்ரோகிளிஸரினால் செல்வம் சேர்த்தவர், தம் கடைசி வருஷமாகிய 1896-இல் இதயநோய்க்கு அதே நைட்ரோகிளிஸரின் மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்டவர். அது உடலில் வேலை செய்வது இந்த வாயுவின் வழியாகத்தான் என்பதை அறிய அவர் இருக்கவில்லை.

தளர்த்தும் தூதுக்கு எதிராக இறுக்கும் தூதும் அதே படலத்திலிருந்தே புறப்படுகிறது. ஜப்பானில் த்ஸுகுபா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மஸாஷி யானகிஸாவாவும் அவருடைய ஆசிரியர்களும், பன்றியின் பெருந்தமனிப் படலத்திலிருந்து 1988-இல் பிரித்தெடுத்த அந்தப் பொருளுக்கு எண்டோதீலின் என்று பெயர். இருபத்தொரு அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது. நாளங்களை இறுக்குவதில் அதற்கு நிகரானது உடலில் அரிது. அது இறுக்கிய பிடியும் எளிதில் விடுவதில்லை. இன்னொரு வியப்பு, மேற்காசியாவின் பாலைநிலத்தில் மண்ணுக்குள் வாழும் ஒருவகைப் பாம்பின் விஷத்திலுள்ள பொருள் ஏறக்குறைய இதே சரமாக இருப்பது: கடித்த பிராணியின் இதய நாளங்களை இறுக்கிக் கொல்வதற்குப் பாம்பு சேமித்து வைத்திருப்பதை, நம் உடல் சிறு அளவில் தினமும் உண்டாக்கிக் கொள்கிறது.

இவ்விரண்டு தூதுகளும் வாய்க்காலின் மதகைத் திறப்பதும் மூடுவதும்போல் ஒன்றையொன்று சரிக்கட்டிக் கொண்டிருக்கும்வரை குடலின் ஒவ்வொரு மூலைக்கும் வேண்டிய ரத்தம் வேண்டியபோது போகிறது. தடைப்பட்ட ரத்தம் திரும்பும்போது முதலில் குலைவது இந்தச் சமநிலைதான். ஸூப்பராக்ஸைடு தன்னெதிரே வரும் நைட்ரிக் ஆக்ஸைடை வெகுவேகமாகப் பற்றி அழித்துவிடுகிறது; படலத்துக்கு அதைப் புதிதாக உண்டாக்கும் சக்தியும் குன்றுகிறது. பூனையின் இதயத் தமனியைப் பரிசோதித்த லெஃபர் என்பவரும் அவருடைய சகாக்களும், ரத்தம் திரும்பிய இரண்டரை நிமிஷத்துக்குள்ளாகவே, வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்வதற்கு முன்பே, படலம் இந்தத் திறனை இழக்கத் தொடங்குவதைக் கண்டார்கள். மறுபுறம் எண்டோதீலின் மிகுந்து நுண்நாளங்கள் இறுகுவதால், பெரிய தமனியைச் சர்ஜன் திறந்துவிட்ட பின்னும், கண்ணுக்குத் தெரியாத சிறு வாய்க்கால்கள் பல அடைத்தபடியே இருந்துவிடுகின்றன. ஆற்றில் தண்ணீர் புரள்கிறது, கடைமடை காய்கிறது.

நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் மற்றொரு வேலை, என் மதிப்பில் நாளத்தைத் தளர்த்துவதைவிடப் பெரியது. ரத்தத்தில் சஞ்சரிக்கும் வெள்ளணுக்கள் கிருமிகளோடு போராடும் சேனைதான். ஆனால் அந்தச் சேனை நாளச் சுவரில் ஒட்டி, அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, தன் ஆயுதங்களைக் கொட்டினால் எரிவது நம் சதையே. சாதாரண காலத்தில் அவை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்வது இந்த வாயுவே. பால் க்யூப்ஸ், கிரேஞ்சர் முதலியோர் 1991-இல், பூனைக் குடலின் தாங்குசவ்வில் இந்த வாயு உண்டாவதை மருந்தால் தடுத்துவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது, வேறு எந்தக் காயமும் செய்யாத நாளத்தில் வெள்ளணுக்கள் பல மடங்கு அதிகமாக வந்து ஒட்டிக்கொண்டதைக் கண்டார்கள். ரத்தம் திரும்பும் வேளையில் இதுவே பேருருவம் எடுக்கிறது: படலத்தின் உயிரணுக்கள் தமக்குள் சேமித்து வைத்திருந்த ஒட்டுப்பொருள்களைச் சில நிமிஷத்துக்குள் வெளிப்புறத்துக்குக் கொண்டுவருகின்றன, ஓடிக்கொண்டிருந்த வெள்ளணு முதலில் தடுமாறி உருள்கிறது, பிறகு நிற்கிறது, பிறகு சுவரைப் பிளந்து உள்ளே நுழைகிறது. நாளம் கசிந்து குடல் வீங்குவதும், உட்சவ்வு உரிவதும், குடலுக்குள் இதுகாறும் அடைபட்டிருந்த கிருமிகளும் அவற்றின் விஷமும் ரத்தத்தில் கலப்பதும், தூண்டிவிடப்பட்ட வெள்ளணுக்கள் நுரையீரலைப் போய்த் தாக்குவதும் இதன் பின்விளைவுகள்.

அப்படியானால் நைட்ரிக் ஆக்ஸைடை ஏராளமாகக் கொடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் ஒருவரோடொருவர் வாதாடினார்கள். வாயுவும் ஸூப்பராக்ஸைடும் சந்தித்தால் வாயு அழிவதோடு நில்லாமல், இரண்டும் கூடிப் பெராக்ஸிநைட்ரைட் என்ற, இரண்டையும்விடக் கொடிய பொருள் பிறக்கிறது என்று ஜோசப் பெக்மன் முதலியோர் 1990-இல் சுட்டிக்காட்டினார்கள். மேலும், நாளப் படலம் எப்போதும் சிறுகச் சிறுக வாயுவைச் சுரப்பது ஒரு நொதியால். அழற்சி மூண்டு சில மணி நேரம் கழித்து வெள்ளணுக்கள் முதலியவை அதைப் பெருவெள்ளமாகக் கொட்டுவது வேறொரு நொதியால். முன்னது குடலைக் காக்கிறது. பின்னது பெரும்பாலும் எரிக்கிறது. ஆகவே வாயுவைத் தடுக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்த ஆராய்ச்சிக்கூடம் சேதம் மிகுந்தது என்றும், பின்னால் எழும் வெள்ளத்தை மட்டும் தடுத்த கூடம் சேதம் குறைந்தது என்றும் எழுதின. இருவரும் கண்டதையே சொன்னார்கள். எண்டோதீலினும் இப்படியே: தசையிலுள்ள ஒருவகை ஏற்பியில் அமர்ந்தால் நாளத்தை இறுக்குகிறது, படலத்திலுள்ள மற்றொருவகை ஏற்பியில் அமர்ந்தால் தளர்த்தும் தூதையே வெளியிடச் செய்கிறது. முதல்வகை ஏற்பியை அடைக்கும் மருந்துகள் விலங்குகளின் குடலுக்கு நன்மை செய்திருக்கின்றன. இரண்டையும் அடைக்கும் பொஸென்டான் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் நுரையீரல் நாளங்களின் உயர் அழுத்தத்துக்கு, குடலுக்கு அல்ல.

உடல் தானே கற்றுக்கொள்ளும் தற்காப்பு ஒன்றும் உண்டு. நாயின் இதயத் தமனியை நாற்பது நிமிஷம் அடைப்பதற்கு முன்னால், ஐந்தைந்து நிமிஷமாக நான்கு முறை அடைத்துத் திறந்து பழக்கினால், மாளும் தசை கால் பங்காகக் குறைகிறது என்று மரியும் ஜென்னிங்ஸும் ரைமரும் 1986-இல் கண்டார்கள். எலியின் குடலிலும் இவ்வாறு பழக்குவது பலிக்கிறது என்றும், அதன் சூத்திரதாரி சற்று நேரம் எழுந்து அடங்கும் நைட்ரிக் ஆக்ஸைடே என்றும் பார்ஸிலோனா விஞ்ஞானிகள் 1996-இல் அறிவித்தார்கள். கானடாவில் க்யூப்ஸ் குழுவினர், பூனை சுவாசிக்கும் காற்றோடு இந்த வாயுவைச் சிறிதளவு கலந்து கொடுத்தபோது, நுரையீரல் வழியாகப் போன அது தொலைவிலுள்ள குடலின் நாளங்களையும் எட்டி உதவியதை 1998-இல் காட்டினார்கள். சில விநாடியில் மடிகிற வாயு அவ்வளவு தூரம் எப்படிச் சென்றது என்பது தனியாகவே எழுத வேண்டிய கதை. ஆனால் விலங்கில் பலித்ததெல்லாம் மனிதனிடம் பலிப்பதில்லை: கையில் பட்டை கட்டி இறுக்கித் தளர்த்தி, தூரத்திலுள்ள இதயத்தைப் பழக்கலாம் என்ற முறையை இதய அறுவைச் சிகிச்சையில் சோதித்த இரண்டு பெரிய பரிசோதனைகள் 2015-இல் வெளிவந்தபோது, இரண்டிலும் பலன் காணவில்லை. மேலும், பரிசோதனைச்சாலைப் பூனைக்கு எந்த நிமிஷத்தில் ரத்தம் நிற்கும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அது தெரிவதில்லை. சிகிச்சை தடுமாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இன்று மருத்துவமனையில் கையில் இருப்பவை எளியவை: அடைப்பை விரைவில் நீக்குதல், இறுகிய நாளங்களைத் தளர்த்தப் பாப்பவெரின் போன்ற மருந்தைக் குழாய்வழி நேரே தமனிக்குள் செலுத்துதல், குடலை இறுக்கக்கூடிய அழுத்தமூட்டும் மருந்துகளை இயன்றவரை குறைத்தல், ஒன்றிரண்டு நாளில் வயிற்றை மறுபடி திறந்து உயிரற்ற பகுதி உண்டா என்று பார்த்தல். நாள உட்படலத்தின் தூதுகளைச் சரிசெய்து குடலைக் காப்பதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. குடலின் தமனி அடைபடும் இந்த நோய் திடீரென்று தாக்கும்போது, தாக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இறக்கிறார்கள். நேரம் கழிந்துபோவதே அதன் முக்கியமான காரணம்.

ஆதலால் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள முதியவர் எவருக்கேனும், அதிலும் நாடி ஒழுங்கின்றித் துடிப்பதாக முன்பே வைத்தியர் சொல்லியிருந்தவருக்கு, திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்து, தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்குமானால், வாயுத் தொந்தரவு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திராதீர்கள். அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். போனவுடன், வலி எந்த மணிக்குத் தொடங்கியது என்பதையும், இதயத் துடிப்பைப் பற்றி முன்பு சொல்லப்பட்டதையும், அவர் சாப்பிட்டுவரும் மாத்திரைகளையும் டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.